கேட்டருகே போய் நிற்கும் பாட்டி: ஆலோசனை வேண்டும்

பினாங்குப் பேத்தி:
வணக்கம். ஆயர் ஈத்தாமில் ஒரு முதியோர் இல்லத்தில் நடவடிக்கைகளைக் கவனிக்கும் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. மொத்தம் 26 பேர். ஒன்பது பேர் தமிழர், மற்றவர்கள் பெரும்பாலும் ஹொக்கியன் என்ற சீன மொழி பேசுபவர்கள். மாலை 4 மணிக்கு பிங்கோ, வண்ணம் தீட்டுதல், பலூன் தட்டுதல் என்று வைத்திருக்கிறேன். பலூன் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. உட்கார்ந்தபடியே தட்டலாம், மொழியும் தேவையில்லை.

ஆனால் 81 வயதுப் பாட்டி ஒருவர் எதற்கும் வருவதில்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் (மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் வேலை), இப்போது மறதி நோய். நாலு மணியானால் கேட்டருகே போய் நின்றுகொண்டு, "பிள்ளை பசியோட இருக்கும், வீட்டுக்குப் போகணும்" என்பார். வண்ணப் பென்சிலைக் கொடுத்தேன். "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. என்ன செய்யலாம்?

செந்தூல் அக்கா:
தங்கச்சி, பாட்டி சொன்னது சரிதான். அவருக்கு விளையாட்டு வேண்டாம், வேலை கொடுங்கள்.

முதலில் நேரத்தை மாற்றுங்கள். என் அம்மாவும் பால்மரம் வெட்டியவர். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்பதால் விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடுவார். அப்படிப் பழகிய உடம்புக்குக் காலையில்தான் தெம்பு. மறதி நோய் உள்ள பலருக்கு மாலையில் பதற்றம் கூடும். அப்போது பிங்கோ எடுபடாது.

எங்கள் முதியோர் இல்லத்தில் ஓர் அம்மா மாதக்கணக்கில் யாரிடமும் பேசவில்லை. ஒருநாள் காலை உதிரி மல்லிகையையும் நாரையும் அவர் மடியில் வைத்தேன். பெற்ற மகள் பெயர் ஞாபகம் இல்லாதவர், மளமளவென்று கட்டினார். கட்டியதைச் சாமி படத்துக்குப் போட்டோம். மறுநாள் அவரே கேட்டார்: "பூ வந்துச்சா?" அப்புறம் நிரை (மர வரிசை), மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்), ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்த பால்) என்று தோட்டத்துப் பேச்சு தானாக வந்தது.

கேட்டருகே நிற்கும்போது "உங்க பிள்ளைக்கே வயசாயிடுச்சு பாட்டி" என்று மட்டும் திருத்தாதீர்கள். கூடவே நடந்து, பிள்ளைக்கு என்ன சமைப்பார் என்று கேளுங்கள்.

தாதி, பட்டர்வொர்த்:
அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதியவர்கள் பழங்கதை பேசுவது வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும் இயல்பான வேலை என்று மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இலேயே எழுதினார். அதனால் குடும்பத்தாரிடம் ஒரு பக்கத்துக்குப் பாட்டியின் கதையை எழுதி வாங்குங்கள்.

பல்லாங்குழியும் வைக்கலாம். இங்கே மலாய்க்காரர்கள் ஆடும் சொங்காக் கிட்டத்தட்ட அதே ஆட்டம்தான், சீனப் பாட்டிகளும் சேர்ந்துகொள்வார்கள். புளியங்கொட்டை மட்டும் வேண்டாம், மறந்து வாயில் போட்டுக்கொள்வார்கள். பெரிய சோழியாக வாங்குங்கள், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். அரை மணி நேரம் போதும். சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டீர்களா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

பினாங்குப் பேத்தி:
அக்கா, நேற்று லிட்டில் இந்தியாவில் உதிரி மல்லிகை வாங்கிப்போய் ஒன்பது மணிக்கு வைத்தேன். பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நார் காஞ்சு கிடக்கு, தண்ணியில நனைச்சுக் கொண்டா" என்று அதட்டினார்! ஒரு முழம் கட்டிவிட்டார். பக்கத்தில் இருந்த ஹொக்கியன் பாட்டி கையை நீட்ட, அவருக்கும் முடிச்சுப் போடக் காட்டிக்கொடுத்தார்.

நாலு மணிக்குக் கேட்டருகே போகத்தான் செய்தார். நானும் கூடப் போனேன். பிள்ளைக்குக் கருவாட்டுக் குழம்பாம். கத்திரிக்காய் போட்டு.