சோஹோ 1998-ல் கைநழுவியது ஏன்? ஈஸா–நாசா பங்கீடு பற்றி ஒரு சந்தேகம்

கதிர்நோக்கி:
சோஹோ, சூரியனை ஆராயும் கலம்; ஈஸாவுடையது (ஐரோப்பிய விண்வெளி அமைப்பு). ஏவியதும் இயக்குவதும் நாசா. 1998 ஜூனில் தொடர்பு அறுந்ததற்கு ஜைரோ (கலம் சுழலும் வேகத்தை அளக்கும் கருவி) பழுது காரணம் என்கிறார்கள் சிலர், கட்டளைப் பிழை என்கிறார்கள் சிலர். எது சரி? எப்படி மீட்டார்கள்?

வானோடி:
ஜைரோ பழுதாகவில்லை. கலம் தடுமாறினால் தானாகவே அவசர நிலைக்குப் போய் சூரியனை நோக்கித் திரும்பும். அப்போது உருளலைக் கட்டுப்படுத்த ஏ ஜைரோ, உருளல் மிஞ்சுகிறதா என்று கண்காணிக்க பி ஜைரோ. மாற்றி எழுதிய கட்டளைத் தொடரில் இரண்டு ஓட்டைகள்: நிறுத்திய ஏ-யை மறுபடி சுழலவிடும் கட்டளை இல்லை; பி, உண்மை உருளலைவிட 20 மடங்கு காட்டும் அமைப்பிலேயே விடப்பட்டது. முதல் அவசர நிலை இந்தப் பொய் அளவால் வந்தது.

பி-யைச் சரிசெய்தார்கள். ஆனால் ஏ நின்றே கிடந்தது. சுழலாத ஜைரோவை நம்பி த்ரஸ்டர்கள் (கலத்தைத் திருப்பும் சிறு உந்திகள்) எரிய, கலம் நிஜமாகவே உருளத் தொடங்கியது. பி சரியாக எச்சரித்தது. ஏ-யும் பி-யும் முரண்படவே, பி-தான் பழுது என்று அதை அணைத்துவிட்டார்கள். அத்தோடு காவலும் போனது; கலம் கட்டுப்பாடிழந்து தொடர்பும் அறுந்தது. அவசர நிலையில் கலம் 48 மணி நேரம் தாங்கும். நிதானமாக ஏ-யின் நிலையைப் பார்த்திருக்கலாம். இரு அமைப்புகளின் கூட்டு விசாரணைக் குழுவும் குறை கலத்தில் இல்லை, இயக்கத்தில்தான் என்றது. மாற்றிய கட்டளைகளை யாரும் முறையாகச் சரிபார்க்கவில்லை என்பதே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

ஹாலோ:
மீட்பு பற்றி: சூரியத் தகடுகள் வெயிலுக்கு விளிம்பைக் காட்டி நின்றதால் மின்சாரம் இல்லை. சுழல் அச்சு விண்வெளியில் ஒரே திசையில் நிற்க, கலம் சூரியனைச் சுற்றி நகர நகர தகடுகளில் வெயில் விழத் தொடங்கியது. ஜூலை 23-ல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கி ரேடார் அலையை அனுப்ப, எதிரொலியை கலிஃபோர்னியாவில் உள்ள கோல்ட்ஸ்டோனின் 70 மீட்டர் ஆன்டெனா பிடித்தது. எதிர்பார்த்த இடத்தருகே, நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு சுற்று. ஆகஸ்ட் 3-ல் கலத்தின் அலை சில விநாடித் துணுக்குகளாகக் கேட்டது. பிறகு பேட்டரியை ஏற்றுவது, உறைந்துபோன ஹைட்ரசின் எரிபொருளின் தொட்டியைச் சூடாக்குவது, பேட்டரி இறங்கினால் நிறுத்தி மறுபடி ஏற்றுவது. தொட்டியில் உள்ளது உருகினால் போதாது, குழாய்களில் உறைந்ததும் உருக வேண்டும். அதற்கு முன் த்ரஸ்டரைத் தொடக்கூடாது. செப்டம்பர் 25-ல் இயல்பு நிலை. 12 கருவிகளும் பிழைத்தன. ஜைரோக்கள்தான் போயின. கடைசியானது டிசம்பர் 21-ல். 1999 பிப்ரவரியில் ஜைரோ இல்லாமலே இயங்கும் மென்பொருள் ஏற்றப்பட்டது.

கதிர்நோக்கி:
மிக்க நன்றி. இந்தியாவின் சூரிய ஆய்வுக் கலமான ஆதித்யா-எல்1-லும் ஈஸா இருக்கிறதே, அங்கேயும் இப்படித்தானா?

வானோடி:
இல்லை. கலமும் கட்டளையும் இஸ்ரோவிடமே. எல்1 (சூரியன், பூமி ஈர்ப்புகள் சமன்படும் புள்ளி) பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர்; பூமி சுழல்வதால் பெங்களூருவுக்கு அருகிலுள்ள பியாலாலு ஆன்டெனாக்களுக்கு நாள் முழுக்கக் கலம் தெரியாது. அந்த இடைவெளிக்கு ஈஸா தன் நிலையங்களைத் தருகிறது. எல்1 சுற்றுப்பாதை நிலையற்றது, விட்டால் விலகிவிடும். அதனால் இஸ்ரோவின் பாதைக் கணிப்பு மென்பொருளை ஏவுவதற்கு முன்பே ஈஸாவும் சரிபார்த்தது. கட்டளை எழுதும் கை ஒன்று, அதைச் சோதிக்கும் கண் இன்னொன்று என்ற இந்த ஏற்பாடுதான் எனக்குப் பிடித்தது.