வி.எம்.பி.ஓ. கிடைச்சா பையன் கதை முடிஞ்சுதா?

ஆம்ஸ்டெல்வீன்_அப்பா:
நெதர்லாந்துல இருக்கோம். பையன் எட்டாம் க்ரூப், தொடக்கப்பள்ளியோட கடைசி வருஷம். அடுத்து எந்த மாதிரிப் பள்ளிக்குப் போகணும்னு ஜனவரியில டீச்சர் கொடுத்த பரிந்துரை வி.எம்.பி.ஓ. காடர், அதாவது தொழிற்கல்விக்குத் தயார்படுத்தற பள்ளியில ஒரு பிரிவு. நாலு வருஷம் அங்க, அப்புறம் எம்.பி.ஓ.ல தொழிற்படிப்பு. பன்னிரண்டு வயசுல ஒரு பையனை இப்படி ஓரங்கட்டுவாங்களா? ஊர்ல அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

ஹெல்மண்ட்_சிவா:
தம்பி, ஏன் இந்த வெக்கம்? என்ர மகனும் காடர்தான். பிறகு எம்.பி.ஓ.வில எலெக்ட்ரிக், பி.பி.எல். எண்டு வேலை செய்துகொண்டே படிக்கிற முறையில. கிழமையில நாலு நாள் கொம்பனியில சம்பளத்தோட வேலை, ஒரு நாள் பள்ளிக்கூடம். முதல் மாசமே ஒரு பழைய வீட்டுச் சுவரைத் திறந்தா பச்சை வயர். எர்த் எண்டு நினைச்சுக் கை வைக்கப் போயிருக்கிறான். கூட நிண்ட கிழவன் கையைத் தட்டிவிட்டு டெஸ்டரைப் பிடிச்சுக் காட்டினவராம். இங்க பழைய வயரிங்கில பச்சையிலதான் கரண்ட் வரும். இனி அவன் அதைச் சாகும்வரை மறக்கமாட்டான்.

உட்ரெக்ட்_மலர்:
உங்க பையனுக்குக் கம்பெனி கிடைச்சுது அண்ணா. கிடைக்காதவங்க? அங்கீகாரம் உள்ள நிறுவனத்துல பயிற்சி முடிக்கலேன்னா டிப்ளமாவே கிடையாது. என் அக்கா பொண்ணு போட்ட மெயிலுக்கெல்லாம் பதிலே இல்ல. கூடப் படிக்கிற டச்சுப் பொண்ணுக்கு ரெண்டாவது மெயில்லயே இடம். பயிற்சி இடத்துல பாகுபாடு இருக்குன்னுதானே 2023ல அரசாங்கமே பள்ளிகளோடயும் முதலாளிகளோடயும் ஒப்பந்தம் போட்டுச்சு? சட்டத்துல எம்.பி.ஓ. பசங்களை 'மாணவர்'னு எழுதினதே 2020லதான். அதுக்கு முன்னாடி வெறும் 'பங்கேற்பாளர்'.

ஆம்ஸ்டெல்வீன்_அப்பா:
எச்.பி.ஓ., அதான் தொழில்சார்ந்த பட்டப்படிப்பு, அதுக்குப் போக வழியே இல்லையா?

ஹெல்மண்ட்_சிவா:
ஏன் இல்லை? எம்.பி.ஓ.வின்ர மேல் நிலையான நாலாம் நிலை முடிச்சாப் போகலாம். காடரில இருந்து நாலாம் நிலைக்கு நேரா எடுப்பினம்.

உட்ரெக்ட்_மலர்:
கணக்கையும் சொல்லுங்க. ஹாவோங்கற அஞ்சு வருஷப் பொதுப்பள்ளிக்குப் போற பையன் 17 வயசுல எச்.பி.ஓ. வாசல்ல நிப்பான். இவன் வி.எம்.பி.ஓ. நாலு, எம்.பி.ஓ. மூணுன்னு முடிச்சு வர்றதுக்கு 19 ஆயிடும்.

ஹெல்மண்ட்_சிவா:
ரெண்டு வருசம் பிந்தினா என்ன பிள்ளை? கையில தொழிலோட எல்லோ வாறான்.

டெல்ஃப்ட்_குமார்:
சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். சார், ஜனவரியில வந்தது தற்காலிகப் பரிந்துரைதான். பிப்ரவரியில டெஸ்ட் இருக்கு. அதுல மேல வந்தா பள்ளி பரிந்துரையை உயர்த்தியாகணும். மாட்டேன்னா காரணம் சொல்லணும். மார்ச் கடைசியிலதான் பள்ளிக்கு விண்ணப்பம்.

ஆம்ஸ்டெல்வீன்_அப்பா:
நன்றி குமார். சிவா அண்ணா, சனிக்கிழமை ஹெல்மண்ட் வர்றோம். பையன் உங்க மகனோட டெஸ்டரைப் பார்க்கணுங்கறான்.