சோடியம் ஏன் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கிறது?

கேள்வி (ரோஸ்ஹில், மொரீஷியஸ்):
வணக்கம். எச்.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் என் மகனிடம், சோடியம் தன் வெளிக்கூட்டிலுள்ள ஒற்றை எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுப்பதால் இரண்டும் எட்டு எலக்ட்ரான்களோடு நிலைபெறுகின்றன என்று சொன்னேன். அவனோ அட்டவணையைக் காட்டி மறுக்கிறான். அந்த எலக்ட்ரானைப் பிரிக்க மோலுக்கு 496 கிலோஜூல் தேவை. குளோரின் அதை ஏற்கும்போது வெளிவருவது 349 மட்டுமே. 147 கிலோஜூல் நட்டத்தில் முடியும் இந்தக் கொடுக்கல் வாங்கல் எப்படி நடக்கிறது?

பதில் 1 (வேதியியல் ஆசிரியர், போர்ட் லூயி):
அம்மா, தங்கள் மகனின் கணக்கு சரியானதே. எட்டு எலக்ட்ரான்கள் இருந்தால் நிலைபெறும் என்னும் எண்ம விதியைக் காரணமாகச் சொல்லிப் பாடத்தை முடித்துவிடுவதால்தான் இந்த ஐயம் எழுகிறது. அவன் விட்டுவிட்டது படிகத்தை. மின்னூட்டம் பெற்ற அணுக்களாகிய அயனிகள் இணை இணையாக நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகளும், ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம் அயனிகளும் சூழுமாறு அவை அடுக்கப்படும்போது, ஒத்த மின்னூட்டங்களின் விலக்கலை எதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பு விஞ்சிவிடுவதால், மோலுக்கு ஏறத்தாழ 787 கிலோஜூல் வெளியாகிறது; இதுவே படிகக்கூடு ஆற்றல். திடச் சோடியத்தை ஆவியாக்க 107, குளோரின் மூலக்கூற்றைப் பிளந்து ஒரு மோல் அணுக்களைப் பெற 122 என்பவற்றையும் செலவில் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் 411 கிலோஜூல் வெப்பம் வெளியேறுகிறது. 1919-இல் போர்ன், ஹேபர் என்னும் அறிவியலாளர்கள் வகுத்த சுழற்சி இதுதான். தேர்விலும் இதையே வரையச் சொல்வார்கள்.

எட்டின் பங்கு வேறிடத்தில் தெரிகிறது. சோடியத்தின் இரண்டாவது எலக்ட்ரான் உட்கூட்டைச் சேர்ந்தது. அதை எடுக்க மேலும் 4562 கிலோஜூல் வேண்டும். எந்தப் படிகக்கூடு ஆற்றலும் அதை இங்கே ஈடுகட்டாது என்பதால் சோடியம் ஓர் எலக்ட்ரானோடு நிறுத்திக்கொள்கிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. அப்படியானால் தமரின் உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போதும் இதே எலக்ட்ரான் மாற்றம்தான் நடக்கிறதா?

பதில் 2 (தமரின்):
இல்லை. கடல்நீரில் இருப்பவை ஏற்கெனவே அயனிகள்தாம்; நீர் மூலக்கூறுகள் சோடியம் அயனியை ஆக்சிஜன் பக்கமாகவும் குளோரைடை ஹைட்ரஜன் பக்கமாகவும் சூழ்ந்து, அவற்றைப் பிரித்து வைத்திருக்கின்றன. எரிமலைக் கல்லால் கட்டிய பாத்திகளில் வெயில் அந்த நீரை அகற்றுகிறது, அயனிகள் ஒன்றுகூடுகின்றன, அவ்வளவே. அங்கே அள்ளிய கல்லுப்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், செங்கோண முனைகளோடு சிறு கனசதுரங்கள் தெரியும். ஆறு அயனிகள் செங்குத்துத் திசைகளில் சூழும் அமைப்பே அவ்வடிவத்துக்குக் காரணம். மகனிடம் ஒரு பரலைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் 3 (கத்ர் போர்ன்):
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். உலோகமும் அலோகமும் சேர்ந்தாலே அயனிப் பிணைப்பு என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். சோடியம் குளோரைடு உருக 801 பாகை செல்சியஸ் வேண்டும். நீரற்ற அலுமினியம் குளோரைடோ ஏறத்தாழ 180 பாகையிலேயே பதங்கமாகி, அதாவது உருகாமலே ஆவியாகிவிடுகிறது. மூன்று நேர் மின்னூட்டத்தைச் சுமக்கும் சிறிய அலுமினியம் அயனி, குளோரைடின் எலக்ட்ரான் முகிலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அங்கே எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்புத் தன்மையே மேலோங்குகிறது.