பழைய பால் பம்ப் வாங்கலாமா? சிங்கப்பூர் அம்மாக்கள் மூவரின் அனுபவங்கள்

செங்காங் அம்மா:

பிரசவ விடுப்பு 16 வாரம். அது முடிந்து வேலைக்குப் போன பிறகும் பாப்பாவுக்குத் தாய்ப்பால் கிடைக்க வேண்டும் என்று வயிற்றில் இருக்கும்போதே தாய்ப்பால் எடுக்கிற பம்ப் தேட ஆரம்பித்துவிட்டேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கிற மின்சாரப் பம்ப் புதிதாக வாங்கினால் பல நூறு வெள்ளி (டாலர்). பழைய பொருள் விற்கும் இணையதளமான கேரோசெல்லில் அதே மாடல் பாதி விலைக்கும் கீழே கிடைத்தது. "அதிகம் பயன்படுத்தவில்லை" என்று போட்டிருந்தார்கள். சரி, நேரில் பார்த்து முடிவெடுக்கலாம் என்று போனேன்.

விற்றவர் நல்ல பெண். அவருடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பாட்டில், புனல் எல்லாம் பளிச்சென்று இருந்தன. டியூபை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மோட்டாரில் செருகுகிற முனைக்குப் பக்கத்தில், உள்பக்கம், கசகசா அளவில் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை. "டியூப் மட்டும் புதுசு வாங்கிக்குங்க, சில வெள்ளிதான்" என்றார். அவர் மனதறிந்து ஏமாற்றவில்லை. ஆனால் புள்ளி இருந்தது மோட்டார் பக்கத்து முனையில். ஈரமும் பால் ஆவியும் அதுவரை போயிருக்கின்றன என்றால் மோட்டாருக்குள்ளும் போயிருக்கலாம். அதைக் கழற்றிக் கொதிக்க வைக்க முடியாது. நம்ம ஊர் புழுக்கத்தில் உள்ளே தங்கிய ஈரம் லேசில் காயவும் காயாது. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அப்புறம்தான் தாய்ப்பால் ஆலோசகர் விளக்கினார். பம்ப்பில் திறந்த அமைப்பு, மூடிய அமைப்பு என்று இரண்டு உண்டு. மூடியதில் பாலுக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு தடுப்புச் சவ்வு இருக்கும், பால் தாண்டிப் போகாது. திறந்ததில் அந்தத் தடுப்பு இல்லை. அதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்றே நான் சொல்வேன். ஒருவருக்கென்று விற்கப்படும் பம்ப்பை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது என்றுதான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் சொல்கிறது. கிருமி இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. சைட்டோமெகலோ வைரஸ், எச்ஐவி போன்றவை தாய்ப்பாலில் வரக்கூடியவை.

ஈசூன்:

நான் வாங்கவில்லை, வீட்டிலேயே வந்தது. நாத்தனாருடைய பம்ப். "நம்ம வீட்டுப் பொருள்தானே, எதுக்குக் காசைக் கரியாக்கணும்" என்றார் மாமியார். மூடிய அமைப்புதான். புனல், வால்வு, டியூப், தடுப்புச் சவ்வு எல்லாவற்றையும் புதிதாக மாற்றினோம். சுத்தத்தில் குறையே இல்லை.

ஆனால் பால் வரவில்லை. போடும்போது மோட்டார் சத்தம் நன்றாகத்தான் இருக்கும், பாட்டிலின் அடி மட்டும்தான் நனையும். வீட்டில் ஆளாளுக்கு வைத்தியம். பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, வெந்தயக் கஞ்சி. "உனக்குப் பால் பத்தலை, பவுடர் பால் கொடுத்துடு" என்று ஒரு அத்தை முகத்துக்கு நேரே சொன்னார். அன்று ராத்திரி அழுதேன்.

பரிசோதனைக்குப் போனபோது தாதி மருத்துவமனைப் பம்ப்பைப் பொருத்திப் பார்த்தார். அதில் நன்றாகவே வந்தது. நாத்தனார் இரண்டு பிள்ளைகளுக்கும் ஓட்டிய மோட்டாரில் இழுக்கிற வலு போய்விட்டது, அவ்வளவுதான் விஷயம். சரியாக எடுக்கப்படாத பால் மார்பில் தேங்கினால் சுரப்பும் நாளடைவில் குறையும், நல்லவேளை அதற்குள் கண்டுபிடித்தார்கள். புது அம்மாமார்களே, பம்ப்பில் பால் குறைந்தால் முதலில் இயந்திரத்தைச் சந்தேகப்படுங்கள். உங்கள் உடம்பின் மேல் பழி போடாதீர்கள்.

ஜூரோங் வெஸ்ட்:

என் மகன் குறைமாதத்தில் பிறந்தான். மருத்துவமனையில் மெடெலா சிம்பொனி கொடுத்தார்கள். பலர் பயன்படுத்துவதற்கென்றே செய்யப்பட்ட பம்ப் அது. இயந்திரம் பொது, ஆனால் பால் படுகிற பாகங்கள் ஒவ்வொரு தாய்க்கும் தனி. வீட்டுக்கு வந்த பிறகும் அதையே வாடகைக்கு எடுத்தோம். கொஞ்ச காலத்துக்கு மட்டும் தேவைப்படுகிறவர்களுக்குப் பழையது வாங்குவதைவிட இதுதான் நல்ல வழி என்பேன்.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். கே.கே. மகளிர், சிறார் மருத்துவமனையில் 2017இல் தொடங்கிய தாய்ப்பால் வங்கி இருக்கிறது. ஒரு தாய் தானமாகக் கொடுக்கிற பாலைக் குறைமாதக் குழந்தைக்குக் கொடுக்கும் முன், அந்தத் தாய்க்கு ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள், பாலைச் சூடுபடுத்திக் கிருமி நீக்குகிறார்கள். அடுத்தவர் பாலுக்கே இவ்வளவு பார்க்கும்போது, யாருடைய பால் காய்ந்து ஒட்டியிருக்கிறது என்று தெரியாத மோட்டாரை எப்படி நம்புவது?

செங்காங் அம்மா:

ஈசூன் தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது. அந்த அத்தைக்கு யாராவது இதை வாசித்துக் காட்ட வேண்டும்.

நான் கடைசியில் புதிதுதான் வாங்கினேன், பிரபலமில்லாத ஒரு நடுத்தர விலை மாடல். கைப்பம்ப் ஒன்றும் பையில் எப்போதும் இருக்கும், அது மலிவுதான். பழையதற்குக் கம்பெனி உத்தரவாதம் பெரும்பாலும் செல்லாது, பாகங்களை மாற்றவும் காசு, இரண்டையும் கூட்டினால் மிச்சம் என்று நினைத்ததில் பாதி கரைந்துவிடுகிறது.

கையிருப்பு இடம் கொடுக்காமல் பழையதுதான் வாங்கியாக வேண்டும் என்றால், மூடிய அமைப்பா, பலர் பயன்படுத்தலாமா என்று மாடல் பெயரைப் போட்டு அதன் கையேட்டில் பாருங்கள். எத்தனை மாதம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஓடியது என்று கேளுங்கள். டியூபைக் கழற்றச் சொல்லி இரண்டு முனையையும் பாருங்கள், மோட்டாரில் அது செருகும் துளையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிநாட்டில் வாங்கியதாக இருந்தால் அடாப்டர் நம்ம 230 வோல்ட்டுக்கு ஒத்துவருமா என்பதையும் படித்துக்கொள்ளுங்கள். கழற்றிக் காட்ட விற்பவர் தயங்கினால் வாங்க வேண்டாம், வேறு ஆள் பார்க்கலாம்.