காசைக் கரியாக்கிய கதை

தீபாவளிக்கு வெடி வாங்கினால் காசைக் கரியாக்குகிறோம் என்பார்கள். நான் நிஜமாகவே காசை உலையில் போட்டவன். அமெரிக்காவின் ஓஹையோவில், எங்கள் கராஜில், 24 குவார்ட்டர் (கால் டாலர் நாணயம்). "ஆறு டாலர்தானே, போனால் போகட்டும்" என்று வீட்டில் சமாதானம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

செய்ய நினைத்தது மொகுமே கானே. மொகுமே என்றால் மர ரேகை, கானே என்றால் உலோகம். வேறு வேறு நிற உலோகத் தகடுகளை அடுக்கி, சூட்டில் ஒன்றாக ஒட்டவைத்து, மர ரேகை போல வரவழைப்பது. ஜப்பானின் அகிதாவில் 17-ஆம் நூற்றாண்டில் தென்பேய் ஷோவாமி என்ற கைவினைஞர் வாளின் உறுப்புகளுக்காகச் செய்த வேலை. குவார்ட்டர் இதற்குத் தோதானது. 1964 வரை வந்தது 90 சதவீதம் வெள்ளி. அதற்கப்புறம் நடுவில் சுத்தச் செம்பு, இரு பக்கமும் செம்பில் 25 சதவீதம் நிக்கல் கலந்த வெள்ளைத் தகடு. அடுக்குகிற வேலையில் பாதியை நாணயச் சாலையே முடித்துக் கொடுத்துவிடுகிறது.

முதல் தடவை அசிட்டோனில் கழுவி, இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து, போல்ட் போட்டு இறுக்கி, கேஸ் உலையில் வைத்தேன். நல்ல செம்மஞ்சள் நிறம் வந்ததும் எடுத்து, ஆறவிட்டு, பக்கவாட்டில் ஒரு அடி. பரோட்டாவைத் தட்டினது போல ஏடு ஏடாகக் கழன்றது. உள்ளே வாஷிங்டன் முகம் அப்படியே இருந்தது.

தப்பு இரண்டு இடத்தில். காசின் விளிம்பு மேடு, நடுப்பகுதி பள்ளம். அதனால் விளிம்புகள்தான் ஒன்றையொன்று தொடுகின்றன, நடுவில் காற்று. இன்னொன்று, சூடு போதவில்லை. செம்பு 1085 டிகிரி செல்சியஸில் உருகும், வெளித்தகடு அதற்கும் மேலே. செம்பு உருகுவதற்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும். அந்தச் 'சற்று' எங்கே என்பதுதான் மொத்த வித்தையும்.

அடுத்த முறை ஒவ்வொரு காசையும் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் தட்டையாக்கி, அப்புறம் அடுக்கினேன். இரும்பில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தகடுகளுக்குக் கரெக்‌ஷன் ஃப்ளூயிட் பூசினேன் (அலுவலக ஸ்டேஷனரிக்கு இப்படியும் ஒரு பயன்). உலைவாயில் கண்ணாடி போட்டுக்கொண்டு அடுக்கின் ஓரத்தையே பார்த்தேன். ஒரு கட்டத்தில் ஓரம் வியர்த்தது போலப் பளபளத்தது. உடனே வெளியே எடுத்து, அடைகல்லில் வைத்து, மெதுவாக நாலு தட்டு. அப்புறம் பிரியவேயில்லை.

சுமார் 136 கிராம் கட்டி. அடிக்க அடிக்க இறுகும். இறுகினால் மறுபடி காய்ச்ச வேண்டும், அவசரப்பட்டால் ஓரம் வெடிக்கும். மேலே அங்கங்கே ட்ரில்லால் குழி போட்டு, சுற்றிலும் உள்ள மேட்டை அடித்துச் சமமாக்கினால் குழி இருந்த இடமெல்லாம் வட்ட வட்டமாக ரேகை. ஃபெரிக் குளோரைடில் கொஞ்ச நேரம் போட்டதும் செம்பு அரிபட்டு வெள்ளை மேலே நின்றது. எண்ணிப் பார்த்தால் 49 அடுக்கு. 24 செம்பு, பக்கத்துப் பக்கத்துக் காசுகளின் வெள்ளைத் தகடுகள் ஒன்றாகச் சேர்ந்துகொள்வதால் வெள்ளை 25.

---

படித்ததும் என் முட்டாள்தனம் நினைவுக்கு வந்தது. நான் குவார்ட்டருக்குப் பதில் பென்னியை (ஒரு சென்ட் காசு) அடுக்கினேன். பார்க்கச் செம்பு, விலையும் மலிவு. 1982-க்குப் பிறகு வந்த பென்னியில் செம்பு வெறும் மேல்பூச்சு, உள்ளே துத்தநாகம் என்று யார் கண்டது? அது 419 டிகிரியிலேயே உருகிவிடும். வெள்ளைப் புகை கிளம்பியது. நல்ல வேளை, கதவு திறந்திருந்தது. அன்றிரவு குளிர் காய்ச்சல், வாயெல்லாம் உலோகச் சுவை. மறுநாள் சரியாகிவிட்டது. ஆனாலும் அன்று உருகி வழிந்தது இன்னும் உலைச் செங்கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

---

கோவையிலிருந்து ஒரு வார்த்தை. ஊரில் இருப்பவர்கள் இதைப் பார்த்து ரூபாய் நாணயத்தில் கை வைக்க வேண்டாம். 2011 நாணயச் சட்டப்படி உருக்குவதும் சிதைப்பதும் குற்றம், ஏழாண்டு வரை சிறை. நான் பாத்திரக் கடைத் தெருவில் செம்புத் தகடும் பித்தளைத் தகடும் வாங்கிச் செய்கிறேன். இதில் முதலில் உருகுவது பித்தளை. அதனால் இவ்வளவு சூடு தேவையில்லை. புகை விஷயத்தில் மட்டும் இதுவும் துத்தநாகம்தான், ஜாக்கிரதை. முதலில் எழுதியவர் அந்தக் குவார்ட்டர் கட்டியை என்ன செய்தார்?

---

மோதிரம் செய்தேன். அண்ணனுக்குத்தான் முதலில் அனுப்பினேன். இரண்டே நாளில் விரல் சிவந்து அரிப்பு. அவருக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாதாம். இப்போது அது அவருடைய வண்டிச் சாவியில் தொங்குகிறது. மிச்சத் துண்டில் ஒரு கத்திப்பிடிக்குக் காப்பு அறுத்துக்கொண்டிருக்கிறேன், அரம் போட்டு முடிந்ததும் படம் போடுகிறேன்.