கார்புரேட்டர் ஸ்க்ரூவா, இன்ஜெக்‌ஷனா: தொழிலுக்கு எந்தச் செயின்சாவை நம்பலாம்?

காட்டுவேலை:
எங்க குழுவில் மூணு பேர். தினமும் வைரம் பாய்ஞ்ச மரம்தான். பழைய 70 சிசி மெஷின் ஓய்ஞ்சுபோச்சு. ஸ்டீல் (Stihl) கம்பெனியோட எம்எஸ் 500ஐ (MS 500i), அதாவது பெட்ரோலை இன்ஜெக்‌ஷன்ல தானே அளந்து விடுற மெஷின், அதை வாங்கலாமா, இல்ல பெட்ரோல்-காத்து கலவையை ஸ்க்ரூ திருப்பிக் கையால ட்யூன் பண்ற கார்புரேட்டர் மெஷினே போதுமா?

ரம்பக்காரன்:
500ஐ-யையே வாங்குங்க. 79.2 சிசி, 5 கிலோவாட், பாரும் செயினும் சேர்க்காம 6.2 கிலோ. அதே கம்பெனியோட 661 தர்றது 5.4 கிலோவாட், எடை 7.4 கிலோ. அந்த 0.4-க்காக நாள் முழுக்க 1.2 கிலோ கூடுதலா தூக்கணும். ஹஸ்க்வர்னா 572 எக்ஸ்பி 6.6 கிலோ, 4.3 கிலோவாட்தான்.

ஸ்க்ரூடிரைவர்:
பவரை நான் மறுக்கலை. மெஷின் நின்னா என்ன பண்ணுவீங்க? கார்புரேட்டர் அடைச்சா மரத்தடியிலேயே பிரிச்சு, ஊதி, உள்ள இருக்கற டயாஃப்ரம் சவ்வை மாத்தி ஓட விட்டுடுவேன். 500ஐ-ல கார்புரேட்டரே கிடையாது. இன்ஜெக்‌ஷன்ல கோளாறுன்னா டீலர்கிட்ட கொண்டுபோய் கம்ப்யூட்டர்ல மாட்டணும். கார்புரேட்டர் தானா ட்யூன் ஆகிற மெஷின் ஒண்ணு வச்சிருந்தேன். சூடாயிட்டா ஸ்டார்ட் ஆகாது. பெட்ரோலைக் கட்டுப்படுத்துற மின் வால்வு, அந்த சோலனாய்டுதான் காரணம்னு தெரியறதுக்குள்ள ரெண்டு நாள் கூலி போச்சு.

ரம்பக்காரன்:
உங்க ரெண்டு நாள் போச்சு, எனக்கு ஒரு சிலிண்டரே போச்சு அண்ணே. ஸ்க்ரூ மெஷின்தான். மலை மேல காத்து அடர்த்தி குறைவு, அதனால பெட்ரோல் அதிகமாகி மெஷின் மந்தமாச்சு. முழு வேகத்துல பெட்ரோல் அளவை வைக்கிற ஹெச் ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறுக்கினேன், அருமையா வெட்டுச்சு. வேலை முடிஞ்சு கீழ வந்ததும் அதைத் திருப்பித் தளர்த்த மறந்துட்டேன். கீழ காத்து அடர்த்தி, பெட்ரோல் பத்தலை, அதோட சேர்ந்து வர்ற ஆயிலும் பத்தலை. பிஸ்டன் ஓரம் பூரா கோடு விழுந்து பிடிச்சுக்கிச்சு. எம்-ட்ரானிக் (ஸ்டீல்), ஆட்டோட்யூன் (ஹஸ்க்வர்னா) மாதிரி தானா ட்யூன் ஆகிற மெஷின் இதைத் தானே சரிபண்ணியிருக்கும்.

இன்னொண்ணு. காதால கேட்டு ட்யூன் பண்றோம்னு சொல்றோமே, வேகம் எல்லை தாண்டினா ஸ்பார்க்கை வெட்டுற லிமிட்டர் காயில் உள்ள மெஷின்ல காதும் ஏமாறும். லிமிட்டர் வெட்டுற சத்தமும் கலவையில பெட்ரோல் அதிகமான சத்தமும் ஒரே மாதிரி இருக்கும். நாம பெட்ரோலைக் குறைச்சுக்கிட்டே போவோம்.

ஸ்க்ரூடிரைவர்:
அந்தக் காயில் விஷயம் உண்மை, நானே ஒரு தடவை குழம்பியிருக்கேன். ஆனா ஏர் லீக்? கிராங்க் ஷாஃப்ட் ஓரத்துல காத்தை அடைக்கிற சீல் தேய்ஞ்சு காத்து உள்ள போனா ஸ்க்ரூ மெஷின் உடனே காட்டிக்கொடுக்கும். ஆக்சிலேட்டரை விட்டாலும் ஐடிலுக்கு, அதாவது சும்மா ஓடுற குறைஞ்ச வேகத்துக்கு, இறங்காது. தானியங்கி மெஷின் பெட்ரோலைக் கூட்டி அதை மூடி மறைச்சுடும். ஒருநாள் அதாலயும் சமாளிக்க முடியாம எரிஞ்சுபோகும்.

ரம்பக்காரன்:
ஐடில் இறங்கலைன்னா பாதிப் பேர் என்ன பண்றாங்க? ஸ்க்ரூவைத் திருப்பிட்டு வேலையைத் தொடர்றாங்க. அதுவும் மறைக்கிறதுதானே? எந்த மெஷினா இருந்தாலும் சந்தேகம் வந்தா இன்ஜினுக்குள்ள காத்தை ஏத்திப் பார்க்கிற பிரஷர் டெஸ்ட், உறிஞ்சிப் பார்க்கிற வேக்குவம் டெஸ்ட் ரெண்டும் போடணும். சீல் சில நேரம் பிரஷரைத் தாங்கும், வேக்குவத்துல விட்டுடும்.

ஸ்க்ரூடிரைவர்:
அதுல எனக்கு மறுப்பில்லை. காட்டுவேலை தம்பி, உங்க இடத்துலேருந்து டீலர் எவ்வளவு தூரம்?

காட்டுவேலை:
ஒரு நாள் பயணம் அண்ணே.

ஸ்க்ரூடிரைவர்:
அப்போ 500ஐ ஒண்ணை மட்டும் நம்பிப் போகாதீங்க. அதை வாங்கினாலும் பழைய 70 சிசிக்கு பிஸ்டன், சீல் மாத்தி வண்டியிலயே வச்சிருங்க.

ரம்பக்காரன்:
இதை நானும் ஒத்துக்கறேன். ரெண்டுக்கும் பெட்ரோல்-ஆயில் 50:1 கலவைதானான்னு மட்டும் பார்த்துக்குங்க, லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். அப்படின்னா ஒரே கேன் போதும்.