நின்றால் இறங்கும் சூடு, ஏற்றத்தில் ஏறுகிறது: பழைய டீசல் கார்

கேள்வி (உச்சிப்புளி):
என்னுடைய டீசல் கார் 2006ஆம் ஆண்டினது. நிறுத்தி வைத்து இன்ஜினை ஓடவிட்டால் சூடு முள் பாதியைத் தாண்டுவதில்லை. ஆனால் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, ஏசி போட்டு, மண்டபம் கடந்து பாம்பன் பாலத்தில் ஏறும்போது சிவப்புக் கோட்டை நெருங்குகிறது. தண்ணீரும் அடிக்கடி குறைகிறது. வீட்டுப் போர் தண்ணீரைத்தான் ஊற்றி வந்தேன். சூட்டுக்கேற்பத் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டை மெக்கானிக் கழற்றிவிட்டும் பயனில்லை. இப்போது இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார். சம்மதிக்கலாமா?

பதில் (இராமநாதபுரம்):
இப்போதைக்கு வேண்டாம், தம்பி. நிற்கும்போது சூடு ஏறவில்லை என்றால் ஃபேன் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சுமையில்லாமல் ஓடும் டீசல் இன்ஜின் மிகக் குறைவான எரிபொருளையே எரிப்பதால், பாதி அடைத்துப்போன ரேடியேட்டர்கூட அந்தச் சூட்டைச் சமாளித்துவிடும். ஏற்றத்தில்தான் குட்டு வெளிப்படும். வெந்நீர் அண்டாவின் அடியில் படிகிற அதே வெள்ளை உப்பு ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படிகிறது. வெளிப்பக்கத்தில், ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மணல் அடைந்து, உப்புக் காற்றில் மெல்லிய தகடுகள் பொடிந்திருக்கும். கண்டென்சரை நகர்த்தினால்தான் அது கண்ணில் படும். தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டிவிடுங்கள். அது இல்லாவிட்டால், சில இன்ஜின்களில் தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும்.

பதில் (கீழக்கரை):
அண்ணன் சொன்னதுடன், தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். காலையில் இன்ஜின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டரின் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். அப்போதே அது விறைப்பாக இருந்தாலும், ரேடியேட்டர் மூடியைத் திறந்து இன்ஜினை ஓடவிடும்போது குமிழ்கள் நிற்காமல் வந்தாலும், ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் மீது சந்தேகப்படலாம். சூடாக இருக்கையில் மூடியைத் தொடவே கூடாது. அந்த மூடியையும் சோதிக்கச் சொல்லுங்கள். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் 100 டிகிரியை ஒட்டியே கொதித்து வெளியேறிவிடும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. காலையில் ஹோஸ் தளர்வாகவே இருந்தது, குமிழ்களும் இல்லை. ரேடியேட்டரை இறக்கியபோது குழாய்களில் பாதிக்கு மேல் அடைப்பு, மூடியின் ஸ்பிரிங்கும் துருப்பிடித்திருந்தது. இரண்டையும் மாற்றி, தெர்மோஸ்டாட்டை மாட்டி, காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்டும் சம அளவில் ஊற்றினோம். நேற்று அதே ஐந்து பேருடன் அரிச்சல்முனை வரை சென்று திரும்பினேன். முள் பாதியிலேயே நின்றது. இன்ஜினுக்குள் பழைய உப்பு மிச்சமிருக்கும் என்பதால் அடுத்த மாதம் கூலன்டை இன்னொரு முறை வடித்து மாற்றப்போகிறேன்.